விலாவின் கீழே வலி: கோதுமையை இப்போதே நிறுத்த வேண்டாம்

கேள்வி: நான் மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் வசிக்கும் 36 வயது ஆசிரியை. டால் பூரியோ ரொட்டியோ சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வயிறு உப்பி, இடது விலாவின் அடியில் குத்துகிறது. காவடி விரத நாள்களில் சோறும் காய்கறியுமாக இருந்தபோது உப்புசம் தணிந்தது. ஆனால் விலா எலும்பில் ஒரு வலி மட்டும் போகவில்லை. இது குளூட்டன் ஒவ்வாமையா? கோதுமையை அடியோடு விட்டுவிடலாமா?

பதில்: இரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை விடாதீர்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலையே தாக்குவது சீலியாக் நோய். அந்தத் தாக்குதலின் தடயமான எதிர்பொருளைத்தான் 'டிடிஜி ஐஜிஏ' என்னும் பரிசோதனை தேடுகிறது. குளூட்டனை நிறுத்தினால் அந்தத் தடயம் மெல்ல மறைந்துவிடும் என்பதால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பரிசோதனைக்கு முந்தைய ஆறு வாரங்களாவது நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு உண்டிருக்க வேண்டும். கூடவே ஐஜிஏ என்னும் எதிர்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்; சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருப்பதால் முதல் பரிசோதனை ஏமாற்றிவிடும். எதிர்பொருள் காணப்பட்டால், எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து திசு எடுத்துப் பார்த்து உறுதிசெய்வது வழக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வலிகள் இருக்கின்றன. அவற்றை நான் ஒன்றாகக் கருதவில்லை. உண்டபின் வரும் குத்தல் பெரும்பாலும் வாயுவினால் வருவது. பெருங்குடல் இடது விலாவின் அடியில், மண்ணீரலுக்கு அருகே வளைந்து கீழிறங்குகிறது. அந்த வளைவில் வாயு தேங்கினால் நெஞ்சு வலியோ என்று அஞ்சும் அளவுக்குக் குத்தும், வாயு பிரிந்ததும் அடங்கும். சோற்றால் உப்புசம் தணிந்தது என்பதால் மட்டும் குளூட்டன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் உள்ள ஃபிரக்டன் என்னும் மாச்சத்து குடலில் நொதித்து வாயுவைப் பெருக்கும்; டால் பூரிக்குள் இருக்கும் பருப்பும் அதே வேலையைச் செய்யும்.

விரதத்திலும் போகாத அந்த வலிதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. விலா எலும்பின் மேல் ஒற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் 'இங்கேதான்' என்று வலித்தால், அது தசையிலோ, விலாவும் நெஞ்செலும்பும் சேரும் குருத்தெலும்பிலோ உண்டான வலியாக இருக்கலாம். பல விலாக்கள் வலித்து, இடுப்பும் தொடையும் சேர்ந்து நோகுமானால், வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றின் குறைவால் வரும் எலும்பு மென்மையாதலை நினைக்க வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத தீவில் இதுவா என்று கேட்பீர்கள். வெயிலில் நின்று வைட்டமின் டி கிடைத்தாலும், சீலியாக் நோயால் சேதமடைந்த குடல் சுண்ணாம்புச் சத்தைச் சரியாக உறிஞ்சாது. ஆகவே கால்சியம், வைட்டமின் டி, இரும்புச் சத்து ஆகியவற்றையும் அதே இரத்தத்தில் பார்த்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை.

வலி வலப்பக்க விலாவின் அடியில், எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் வருமானால் பித்தப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும். மலம் கறுத்துப் போவது, காரணமின்றி எடை குறைவது, காய்ச்சல், இரவில் எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காதீர்கள். மேல்வயிற்றில் அழுத்தும் வலியோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ வந்தால், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் 114 என்னும் ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்க வேண்டும்.

சீலியாக் நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் பத்தியம்தான். டால் பூரியின் பெயரில் பருப்பு இருந்தாலும் மேலுறை கோதுமை மாவே. ஃபராட்டா, ரவை, சேமியா, பெரும்பாலான சோயா சாஸ் எல்லாம் அவ்வாறே. காத்தோ பிமா என்னும் மிளகாய் வடை பருப்பில் செய்வதானாலும், மாவுப் பலகாரம் பொரித்த எண்ணெயிலேயே அதையும் போட்டிருப்பார்களா என்று கேளுங்கள். வாழையிலையில் ஏழு கறியோடு பரிமாறும் ரசத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பல வேளைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும்.