இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் செய்தால் கோடு முண்டும் முடிச்சுமாக வருகிறதா?

வணக்கம். பென்சிலில் வரைந்த மாங்காய் லோகோவைப் போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ‘டிரேஸ் பிட்மேப்’ (படத்தைத் தானாகவே கோட்டு வடிவமாக்கும் வசதி) கொடுத்தீர்கள், நூற்றுக்கணக்கில் நோடுகள் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) வந்துவிட்டன என்கிறீர்கள். அது அப்படித்தான் வரும். பென்சில் கோட்டின் இரு ஓரங்களையும், காகிதத்தின் சொரசொரப்பையும் சேர்த்தே அது வடிவமாக எடுத்துக்கொள்கிறது. கண்ட்ரோல்+எல் அடித்தால் நோடுகள் குறையும். திரும்பத் திரும்ப அடித்தால் மாங்காயின் மூக்கே மழுங்கிவிடும்.

இதைக் கையால் வரைவதுதான் சரி. போட்டோவைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, மங்கலாக்கி, பூட்டுங்கள். மேலே இன்னொரு லேயர். B விசையை அழுத்திப் பேனா கருவியை எடுங்கள். வளைவு எங்கே மிக மேலே, கீழே, இடது, வலது போகிறதோ அங்கே மட்டும் ஒரு நோடு. கிளிக் செய்து விடாமல் இழுங்கள்; நோடிலிருந்து கைப்பிடி என்ற கோடு நீளும், வளைவை மாற்றுவது அதுதான். இழுக்கும்போது கண்ட்ரோலைப் பிடித்தால் கைப்பிடி நேராக நிற்கும். கூர்நுனியில் மட்டும் இழுக்காமல் கிளிக் போதும். முழு மாங்காய்க்கும் ஐந்தாறு நோடு தாராளம்.

அப்புறம் N விசையை அழுத்தி நோடு கருவியில் திருத்துங்கள். ஷிஃப்ட்+எஸ் வளைவை மிருதுவாக்கும், ஷிஃப்ட்+சி கூராக்கும். கோடு எங்காவது புடைத்தால் புது நோடு சேர்க்காதீர்கள். பக்கத்து நோடுகளின் கைப்பிடி நீளத்தை மாற்றிப் பாருங்கள். முதல் மாங்காய் கோணலாக வந்தாலும் விடாதீர்கள், கைப்பிடி சீக்கிரமே கைக்குப் பழகிவிடும்.