பனிக்காலத்துக்கு அடுப்பும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மார்கழி பிறந்ததும் ரொட்டி மாவு உப்ப மறுக்கிறது. நன்றாகச் சூடான தண்ணீர் ஊற்றிப் பிசைந்தும் மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தது. ஈஸ்ட் கெட்டுவிட்டதா?
(வாசகி, கோத்தகிரி)

ஈஸ்ட் நன்றாகவே இருந்திருக்கும். சூடான தண்ணீர்தான் அதைக் கொன்றிருக்கும். சுமார் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈஸ்ட் பிழைக்காது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் பதம், அதாவது 38 டிகிரி, போதும்.

பிசைந்த மாவு 26 டிகிரியில் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். மலையில் டிசம்பர் இரவுகளில் சமையலறையே 15 டிகிரிக்கு இறங்கும். கிரானைட் மேடை மாவின் சூட்டைச் சீக்கிரம் இழுத்துவிடும் என்பதால், பாத்திரத்தை மரப்பலகை மேல் வையுங்கள். அவசரமென்றால் அணைத்து வைத்த அவன் (oven) அடுப்புக்குள் ஒரு கிண்ணம் கொதிநீரோடு மாவை வைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம்.

அவசரமில்லையென்றால் குளிரையே வேலை செய்ய விடுங்கள். எங்கள் பரிந்துரை இதுதான். மைதா 300 கிராம், தண்ணீர் 180 மி.லி., உப்பு, சர்க்கரை தலா ஒரு டீஸ்பூன், வெண்ணெய் 15 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் வழக்கமான ஒரு டீஸ்பூனுக்குப் பதில் கால் டீஸ்பூன் மட்டும். இரவு ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்தால் காலையில் உப்பியிருக்கும். மெதுவாகப் புளிக்கும் மாவில் மணம் கூடும். அவசர ரொட்டியில் ஈஸ்ட் வாடைதான் முன்னால் நிற்கும்.

காற்றை இறக்கி, சுருட்டி, வெண்ணெய் தடவிய டின்னில் வைத்து மறுபடி உப்ப விடுங்கள். விரலால் அழுத்திய குழி மெதுவாகப் பாதி நிரம்பினால் பதம் சரி. சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லையென்றால் பதம் தாண்டிவிட்டது, அவனில் அமுங்கிப்போகும். 200 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். முழுதாக ஆறுமுன் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

கேள்வி: சென்னையில் சரியாக வந்த அதே கேக், ஊட்டியில் நடுவில் குழிந்துவிடுகிறது. ஏன்?
(வாசகி, உதகை)

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரின் வாயு அதிகமாக விரிந்து, மாவு வெந்து இறுகுமுன்பே கேக்கைத் தூக்கிவிடுகிறது, பிறகு தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்து, ஒரு கப் மைதாவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூட்டுங்கள். அவன் சூட்டை 10 டிகிரி ஏற்றினால் சீக்கிரம் இறுகும். முட்டையை அதிகம் நுரைக்க அடிக்க வேண்டாம்.

கேள்வி: கம்பளி மப்ளர் பின்னினேன். இரண்டு ஓரமும் குழாய்போலச் சுருள்கின்றன. இஸ்திரி போட்டால் சரியாகுமா?
(கல்லூரி மாணவி, குன்னூர்)

ஆகாது. அக்ரிலிக் நூலாக இருந்தால் சூட்டில் துவண்டு பாழாகும். ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று மாற்றி மாற்றிப் போட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறாக இழுக்கும், அதனால்தான் சுருள்கிறது. ஓரத்தில் ஐந்து கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) எல்லா வரிசையிலும் நிட் போட்டால் குறையுமே தவிர முற்றிலும் நிற்காது.

பிரித்துவிட்டு, ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் போடுங்கள். 4 மி.மீ. ஊசியில் 50 கண்ணி ஏற்றுங்கள். முதல் வரிசையில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போய், கடைசி இரண்டு கண்ணியை நிட் போடுங்கள். இரண்டாம் வரிசையில் இரண்டு பர்ல், இரண்டு நிட் என்று போய், பர்லில் முடியுங்கள். இந்த இரண்டு வரிசையே முழுக்க. இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளவே சுருளாது. பிரித்த நூலை உடனே பின்னாதீர்கள். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, நனைத்து, நெளிவு போகக் காயவைத்த பிறகு எடுங்கள்.

கேள்வி: தோடர் பூவேலையை வீட்டிலேயே பழக முடியுமா?
(வாசகி, மேட்டுப்பாளையம்)

பழகலாம். ஆனால் பொறுமை வேண்டும். தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், எதையும் வரையாமல், இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். இழை தெளிவாகத் தெரியும் மேட்டித் துணியில் தொடங்குங்கள். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். ஓர் இழை தவறினாலும் அடுத்த வரிசை முழுக்கச் சாயும். அதனால் வரிசைக்கு வரிசை எண்ணிப் பாருங்கள். இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் தைத்ததைத் தோடர் வேலை என்று விற்காதீர்கள். அந்தப் பெயரும் வருமானமும் அவர்களுடையவை.

கேள்வி: புத்தாண்டில் தொடங்கும் நாட்குறிப்பு பொங்கலுக்குள் நின்றுவிடுகிறது. என்ன எழுதுவது?
(வாசகர், கூடலூர்)

மனதில் இருப்பதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் கை தயங்கும். செய்ததை எழுதுங்கள்: எத்தனை கண்ணி, எந்த ஊசி, மாவு உப்ப எத்தனை மணி நேரம், வெளியே எவ்வளவு குளிர். மூன்று வரி போதும். அந்த மூன்றுக்குப் பிறகு நாலாவது வரி தானாக வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் மூடிவிடுங்கள்.

கேள்வி: பனி வெடிப்பில் விரல்கள் கம்பளி நூலில் சிக்குகின்றன.
(வாசகி, கோத்தகிரி)

மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், எனவே படுக்கும்முன் வாஸ்லின் தடவி, பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பின்னுவதற்கு முன் தடவ வேண்டாம். வெளிர் நிறக் கம்பளியில் பிசுக்கு ஏறிவிடும்.