பிளஸ் டூ தேர்வு எழுதாமல் நின்றுவிட்ட மகனைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. "கூடப் படித்தவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள், இவன் மட்டும் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு (தையல்காரருக்கு உதவியாள் வேலை) போய்க்கொண்டிருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கரையேறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி பத்தாம் வகுப்புப் படித்த 2020-21ஆம் கல்வியாண்டில் கொரோனாவால் பள்ளி திறந்ததே 2021 ஜனவரி 19ஆம் தேதிதான். மார்ச் 22 முதல் மீண்டும் விடுமுறை விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் பள்ளிக்குப் போய், பொதுத்தேர்வு எழுதாமல், மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் குறிப்பிட்ட சான்றிதழோடு பிளஸ் ஒன்னுக்குப் போன வகுப்பு அது. அந்த வகுப்புதான் 2023 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியது. முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கே சுமார் 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி அப்போது மாநிலத்தையே உலுக்கியது. உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இதைச் சோம்பல் என்றோ, கெட்ட சேர்க்கை என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் வரும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான தடுமாற்றத்தைப் பார்க்கிறேன். கணக்குப் பதிவியல் கேள்வியைக் கொடுத்தால் பற்றும் வரவும் சரியாகவே சொல்வார்கள். தேய்மானத்துக்குச் சதவீதம் போடும் இடத்தில் பேனா நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் கைப்பேசித் திரையில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் கடந்துபோன பாடம் அங்கேதான் இடிக்கிறது. அறிவு குறைந்ததால் வந்த தடுமாற்றம் அல்ல இது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சில வாரம் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடக்கூடியது.

அந்த "யாராவது" என்பவரை ஊருக்குள் தேடச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குத் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் நடத்தினார்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தாம் நடத்தினார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் இருந்தவர்களுக்கு அப்படி வீடு தேடி யாரும் வரவில்லை என்பது என் மனத்தில் இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பெருந்தொற்றின் பாரத்தில் ஒரு பெரும்பகுதியை அந்த வயதுப் பிள்ளைகள்தாம் சுமந்தார்கள். அப்பாவின் வேலை போன வீடுகளில் சனிக்கிழமைச் சம்பளம் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தாம். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி நடத்திய தன்னார்வலர் யார் என்று உங்கள் மகளிர் குழுவில் கேட்டாலே தெரிந்துவிடும். அவரிடமோ, வணிகவியல் படித்து முடித்த ஊர்ப் பிள்ளை ஒருவரிடமோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் தெருவிலேயே அவரைப் போல் நின்றுபோனவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்து உட்கார வைத்தால், இருபது வயதில் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகும் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும். இடத்துக்கு ஊர்ப்புற நூலகம் போதும். அவர் படித்த பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். 2023இல் தேர்வுக்கு வராதவர்களைத் துணைத் தேர்வு எழுதவைக்க அந்தக் குழுக்களைத்தான் அரசு நாடியது. காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். பழைய மாணவனுக்காகக் கேட்டு வரும் தாயை எந்த நல்ல தலைமையாசிரியரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்.

இனி வழிகளைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களில் அதன் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் ஒரு வாய்ப்பு, அதற்குப் பிறகு துணைத் தேர்வில் இன்னொரு வாய்ப்பு. ஒரு பாடத்தில் தேறிவிட்டால் அதை மறுபடி எழுத வேண்டாம் என்பதால், ஆறு பாடமும் ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்ற பயம் வேண்டாம். வேலையை விடாமலே இதைச் செய்யலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களாவது ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த மூன்று மாத வருமானக் குறைவை எப்படிச் சமாளிப்பது என்பதை இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாரத் தவணைக் கடன் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் குழுவின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அதை அடைத்துவிட முடியுமா என்று ஊக்குநரிடம் விசாரியுங்கள்.

இன்னொரு வழி ஐ.டி.ஐ. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். தம்பியின் சான்றிதழில் மதிப்பெண் இல்லை என்பதற்காக அது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அவர் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் போன்ற இரண்டாண்டுப் பிரிவை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், கையால் வேலை செய்வதில் அவருக்கு விருப்பம் இருந்தால் இதுவே நல்லது என்பேன். ஆனால் சம்பளம் நின்றுவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எதுவானாலும் முடிவு அவருடையதாக இருக்கட்டும். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நடத்தும் "உயர்வுக்குப் படி" என்ற உயர்கல்வி வழிகாட்டி முகாம் உங்கள் மாவட்டத்தில் எப்போது என்று 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேட்டுப் போய்வந்தால், கல்லூரிகளையும் பயிற்சி நிலையங்களையும் அவரே நேரில் பார்த்து முடிவெடுக்க முடியும்.

அவர் இரவில் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தது என்னைக் கவலைப்பட வைக்கிறது. படிப்பைவிட இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர் மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். உறவினர் வீட்டு விசேஷங்களில் அவர் படிப்பைப் பற்றிய பேச்சு எழும்போது, "வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறான்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை மகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் அரசு வைப்பு வைத்த 5 லட்சம் ரூபாய், 18 வயது நிறைந்ததும் வட்டியோடு அவர்களுக்கே சேர வேண்டியது. அந்தப் பெண்ணுக்கு வயது நிறைய இன்னும் சில மாதமே இருப்பதால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இப்போதே போய் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் அவள் கணக்கிலேயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு என்று யார் கேட்டாலும், படிப்பு முடியும்வரை அதைத் தொட வேண்டாம்.

அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது தம்பியையும் அழைத்து வாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவர் சம்பளத்தை இழக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்