ஜீப் சேஸிஸும் துத்தநாகத் தொட்டியும்

கேள்வி: பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிறேன். சேஸிஸ், ஸ்பிரிங், போல்ட் எல்லாவற்றையும் கால்வனைஸ் செய்ய (துருப்பிடிக்காமலிருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க) கொடுக்கலாமா?

பதில்: சேஸிஸ், பம்பரைக் கொடுக்கலாம். லீஃப் ஸ்பிரிங், 10.9 கிரேடு (உயர் வலிமை) போல்ட் வேண்டாம். முக்குவதற்கு முன் ஆசிட்டில் கழுவுவார்கள். கெட்டியான ஸ்டீல் அதில் ஹைட்ரஜனை உறிஞ்சி, பிறகு சுமையில் சட்டென்று முறியலாம்.

சேஸிஸில்தான் கவனம் தேவை. துத்தநாகம் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும். சேஸிஸின் மூடிய பெட்டி போன்ற அறைக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆவியாகி வெடிக்கும். தொட்டியருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிர் மூலைகளில் 12 மி.மீ.க்குக் குறையாத துளை போடுங்கள். சரியான அளவைப் பட்டறையில் கேளுங்கள். பழைய பெயின்ட்டை அங்குள்ள ஆசிட் கரைக்காது, சாண்ட் பிளாஸ்ட் செய்தே (மணலை வேகமாக அடித்துச் சுரண்டியே) அனுப்புங்கள். வெல்டிங்கும் முன்பே முடியட்டும். பொறித்த சேஸிஸ் எண்ணைத் துத்தநாகம் மூடிவிடலாம். முதலில் படம் எடுத்துவிடுங்கள். மரைகளும் அடைபடும், டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு எடுக்கலாம். மெல்லிய பாடித் தகடு சூட்டில் நெளியும். அதற்கு எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) போதும்.