லைனை மாற்றினால் மின்னஞ்சலும் போய்விடுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இரண்டு லாரிகளை வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் தொழிலை அப்பா காலத்திலிருந்து நடத்தி வருகிறோம். 2007இல் இணைய லைன் எடுத்தபோது அந்த நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ரசீதுப் புத்தகத்திலும் லாரிக் கதவிலும் அதுவே இருக்கிறது. இப்போது வேறொரு நிறுவனம் மாதம் 30 வெள்ளி குறைவாக ஃபைபர் லைன் தருவதாகச் சொல்கிறது. ஜிமெயில் போதும் என்கிறான் மகன். சொந்த டொமேன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்குங்கள் என்கிறார் கணக்காளர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கணக்காளர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அந்த வேலை முடியும்வரை புதிய லைனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்குவது எளிது. ஒரு காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்களெல்லாம் தோட்ட ஆபிஸ் முகவரிக்கே வந்து சேரும். தோட்ட எழுத்தரான கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வேலையை விட்டு, லயத்து வீட்டைக் காலிசெய்துகொண்டு பட்டணத்துக்குப் போய்விட்டவருக்கு அதன் பிறகு வந்த கடிதம் ஆபிஸ் மேசையிலேயே கிடக்கும். கிராணிக்கு மனமிருந்தால் ஆள் மூலம் கொடுத்தனுப்புவார், இல்லாவிட்டால் இல்லை. இணைய நிறுவனம் தரும் மின்னஞ்சலும் அப்படித்தான். உங்கள் பெயர் முன்னால் இருந்தாலும் அதற்குப் பின்னால் நிற்பது அவர்களுடைய பெயர். லைன் ஒப்பந்தம் முடிந்தால் அஞ்சல் பெட்டியை மூடிவிடும் உரிமை அவர்களுடையது.

நீங்கள் லைனை மாற்றாமலே இருந்தாலும் நிறுவனம் மாறாது என்பதற்கு உறுதியில்லை. நம் மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் வெரைசன் 2017இல் மின்னஞ்சல் தொழிலையே கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நியூசிலாந்தின் வோடஃபோன் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தி, பல ஆண்டு வாடிக்கையாளர்களை வேறிடம் தேடச் சொன்னது. இணைய நிறுவனத்துக்கு வருமானம் தருவது லைன்தான். அதோடு இலவச இணைப்பாகத் தரும் மின்னஞ்சல் அதற்கு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. செலவைக் குறைக்க வேண்டிய நாள் வந்தால் முதலில் கைவைப்பது எதில் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. ஜிமெயில் எந்த லைனோடும் கட்டுப்பட்டதல்ல என்பதால் இப்போது உங்களிடம் இருப்பதைவிட அது மேல்; ஒரு தனிமனிதருக்கு அதுவே போதும். ஆனால் அதுவும் இன்னொருவர் வீட்டு முகவரிதான். ஏதோ சந்தேகத்தால் கணக்கு பூட்டப்பட்டால், போய் நின்று பேச ஒரு கவுண்டர் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைக் கைப்பேசிப் படங்களும் பங்குபோட்டுக்கொள்ளும். அதோடு, நாளை ஒரு கிளார்க்கை வைத்தால், சொந்தக் கணக்கையே அவருக்குத் திறந்துவிட வேண்டிவரும்.

டொமேன் என்பது நீங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உங்கள் பெயரில் பதிந்துகொள்ளும் இணையப் பெயர். அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்த நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரிக் குறிப்பு உண்டு, அதற்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். நாளை அஞ்சல் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால், பழைய அஞ்சல்களை நகலெடுத்துக்கொண்டு அந்த வரியையும் அதைச் சார்ந்த ஓரிரு குறிப்புகளையும் மாற்றினால் போதும். லாரிக் கதவில் எழுதிய முகவரி அப்படியே இருக்கும். கணக்காளரின் ஆலோசனையின் சாரம் இதுதான். உங்கள் தொழில் நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவானது என்றால் டாட் காம் டாட் மை என்று முடியும் பெயரையே வாங்கலாம். ஆண்டுக் கட்டணம், லாரியின் ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டால், சில்லறை.

ஆனால் பெயரை யார் பதிகிறார் என்பதில் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வன்பொருள் கடையில், வெப்சைட் செய்து கொடுத்த தம்பி டொமேனைத் தன் பெயரில், தன் கார்டில் பதிந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் வேலை தேடி சிங்கப்பூர் போனார், கார்டு காலாவதியானது, புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை கடைக்கு அஞ்சலே வரவில்லை. பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். புதுப்பிப்பு நினைவூட்டலுக்கு மட்டும் அந்த டொமேனைச் சாராத வேறொரு முகவரியைக் கொடுங்கள். உங்கள் மகனின் ஜிமெயில் அதற்குச் சரியாக உதவும்.

அடுத்து, அஞ்சல் பெட்டியை யாரிடம் வைப்பது? வெப்சைட் இடத்தோடு சேர்த்து மலிவாகத் தரப்படும் மின்னஞ்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் சர்வர் முழுவதும் கறுப்புப் பட்டியலில் விழும், நீங்கள் ஆலைக்கு அனுப்பிய இன்வாய்ஸ் அங்கே ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடும். அஞ்சலை மட்டுமே தொழிலாகக் கொண்ட, அல்லது அதைப் பெரிய அளவில் நடத்தும் நிறுவனங்களே பாதுகாப்பு: கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில், நம் தமிழ்நாட்டில் வேரூன்றிய சோஹோ ஆகியவை. ஓரிரு அஞ்சல் பெட்டிகளே போதுமான உங்கள் தொழிலுக்கு இவற்றுள் எதுவும் தாங்கும். எதைத் தேர்ந்தாலும், அஞ்சல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு அடையாளக் குறிப்புகளையும் டொமேனில் சேர்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் நிபந்தனை வைத்துள்ளன. வீட்டிலேயே சொந்த சர்வர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி மாற்றும் முறை. முதலில், பழைய அஞ்சல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 2007இல் அமைத்தது என்றால் பெரும்பாலும் பாப்3 முறையாக இருக்கும். அது வந்த அஞ்சலைக் கணினிக்கு இறக்கிவிட்டு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடியது. அப்படியானால் ஆலையின் பல ஆண்டுக் கணக்கு அறிக்கைகள் உங்கள் மேசைக்கடியில் இருக்கும் அந்த ஒரே கணினியில்தான் உள்ளன. மழைக்காலத்தில் இடி இறங்கி மோடமோடு கணினியும் கருகுவது நம் பக்கத்தில் புதிதல்ல, ஆகவே வேறெதையும் தொடுவதற்கு முன் அவற்றை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். புதிய பெட்டியை, அஞ்சல் சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறையில் அமைத்து, பழைய ஃபோல்டர்களை அதற்குள் இழுத்துவிட்டால் அவை சர்வருக்கு ஏறிவிடும்.

இரண்டாவது வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. வருமான வரி வாரியம், கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு), வங்கி, காப்புறுதி, லாரி பெர்மிட், ஆலை என்று பழைய முகவரி பதிவான இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பல இடங்களில் முகவரி மாற்றத்தை உறுதிசெய்யும் குறியீடு பழைய முகவரிக்கே வரும். அது மூடப்பட்ட பின் போனால் சத்தியப் பிரமாணமும் நேரில் அலைச்சலுமாக முடியலாம். கையெழுத்துப் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

காப்புறுதி, ரோடு டாக்ஸ் போன்றவை ஆண்டுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும் என்பதால், பழைய பெட்டியை ஓர் ஆண்டு உயிரோடு வைத்திருப்பது நல்லது. லைன் இல்லாமல் மின்னஞ்சலை மட்டும் தக்கவைத்துக்கொள்ள வழியுண்டா என்று இப்போதைய நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், ஓர் ஆண்டு தாமதத்தால் இழப்பது 360 வெள்ளி. ஒரு பெர்மிட் நினைவூட்டல் தவறி ஒரு லாரி ஒரு வாரம் நின்றால் ஆகும் இழப்பை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதுப் புத்தகங்களைப் புதிதாக அச்சடிக்க வேண்டாம். புது முகவரிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, மிச்சமிருப்பவை தீரும்வரை குத்திக் கொடுங்கள். லாரிக் கதவை மட்டும், ஆலையிலிருந்து ஒரு மாதக் கணக்கு அறிக்கை புதிய பெட்டிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு பெயிண்டரிடம் கொடுக்கலாம்.