மிட்சுபிஷியிலிருந்து சீமென்ஸ்: சென்சார் லைட் எரிகிறது, இன்புட் வரவில்லை

மிட்சுபிஷி பிஎல்சியை (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) எடுத்துவிட்டு சீமென்ஸ் எஸ்7-1200 போட்ட பிறகு, சென்சார் லைட் எரிந்தும் இன்புட் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 1எம் டெர்மினலை (இன்புட்டுகளின் காமன், அதாவது பொது இணைப்பு) 0 வோல்ட்டிலிருந்து கழற்றி +24-ல் கொடுங்கள். கப்பலூர் பேக்கிங் மெஷினில் பழைய மிட்சுபிஷி எஃப்எக்ஸ் பிஎல்சியின் வயரிங் அப்படியே இருக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் சென்சார்கள் பெரும்பாலும் என்பிஎன் (ஆன் ஆகும்போது சிக்னல் ஒயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும் வகை) ஆகத்தான் இருக்கும்; பிஎன்பி என்றால் +24 கொடுக்கும் வகை. எஸ்7-1200 இன்புட் இரண்டு வகையையும் ஏற்கும். காமன்தான் மாற வேண்டும்.

மாற்றுவதற்கு முன் மீட்டரை டிசியில் வைத்து 1எம்முக்கும் ஐ0.0-க்கும் (முதல் இன்புட்) இடையே பாருங்கள். சென்சார் முன் இரும்பைக் காட்டினாலும் 0-விலேயே நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எஸ்7-1200-இன் 1214சி மாடலில் 14 இன்புட்டுக்கும் ஒரே காமன். நடுவில் ஒரு பிஎன்பி சென்சார் இருந்தால் அதற்கு ரிலே போடுங்கள்.

பழைய மிட்சுபிஷி வயரிங்கில் எக்ஸ்10 என்பது பதினோராவது இன்புட் அல்ல, ஒன்பதாவது. அங்கே எண்கள் எட்டெட்டாகப் போகும், எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10; வரிசை மாறாமல் இணைத்திருந்தால் சீமென்ஸில் அது ஐ1.0.

ஒன்றில் மட்டும் கவனம்: இந்த வயரிங்கில் 0 வோல்ட் எர்த் ஆகியிருந்தால், சென்சாரின் சிக்னல் ஒயர் உரசி மெஷின் பாடியில் பட்டாலே இன்புட் ஆன் ஆகிவிடும். எமர்ஜென்சி ஸ்டாப்பை பிஎல்சியை நம்பி விடாதீர்கள். சேஃப்டி ரிலே வழியாக நேரடியாக கான்டாக்டரை (மோட்டாருக்குப் பவர் கொடுக்கும் சுவிட்ச்) வெட்டுங்கள்.