நிவாரணமும் தங்க வளையலும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பணம் பிரித்து, ஒரு குட்டியானை வண்டி நிறையப் பொருளேற்றி, தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்குப் போனோம். ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், வீடு வீடாகத் திரட்டிய துணிமணி. அங்கே பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "ரொட்டி வேண்டாம், காலைல இருந்து ரொட்டி வண்டிதான் வருது" என்றார்கள். திரும்பும்போது நாங்கள் கொடுத்த துணியில் பாதி ரோட்டோரம் கிடந்தது. பைக்கில் வந்து வாங்கிப் போன ஒருவன் மறுபடியும் வந்து நின்றான். கை நிறையத் தங்க வளையலோடு ஓர் அம்மா நின்றார்கள். பொறுக்க முடியாமல், "வளையல் போட்டிருக்கீங்க, இல்லாதவங்களுக்கு வழி விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள்.

அரசு கொடுத்த 6000 ரூபாயும் பாதிக்குமேல் டாஸ்மாக்குக்குத்தான் போயிருக்கும். அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கும் என் மைத்துனரிடம் சொன்னபோது, அங்கேயும் இதே கதைதான் என்றார். 2005-ல் கத்ரினா புயலுக்குத் தப்பி வந்தவர்களுக்கு 2000 டாலர் கார்டு கொடுத்தார்களாம். அதில் விலையுயர்ந்த கைப்பை வாங்கினார்களாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்காக எங்கள் தெருவில் பணம் கேட்டு வந்தபோது நான் கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தவறா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அம்மாவின் வளையலிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அதுதான். காரணம் எங்கள் ஆச்சி.

1992 நவம்பர் 13. தாமிரபரணியில் வந்த அந்த வெள்ளத்தை, எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள். எங்கள் ஊர் முறப்பநாட்டுப் பக்கம், ஆற்றங்கரை. எனக்கு அப்போது பதினான்கு வயது. தொழுவில் தண்ணீர் ஏறியதும் ஆச்சி அரிவாளால் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டாள். இரண்டில் ஒன்று திரும்பி வரவில்லை. மண் குலுக்கையில் சேர்த்து வைத்திருந்த நெல் ஊறி, குலுக்கையும் கரைந்து உட்கார்ந்துவிட்டது. நாங்கள் உடுத்திய துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஏறினோம்.

மறுநாள் மத்தியானம் கஞ்சி ஊற்றினார்கள். ஆச்சி என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த ஒரு போணியோடு வரிசையில் நின்றாள். அவள் காதில் பாம்படம் கிடந்தது. கஞ்சி ஊற்றிய பையன் கெட்டவன் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காமல் ஓடியாடியவன் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவன்தான் கேட்டான்: "ஏ ஆச்சி, காதுல இம்புட்டுத் தங்கத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு கஞ்சிக்கு வந்து நிக்கியளே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆச்சி போணியை என் கையில் கொடுத்துவிட்டு விலகிப் போனாள். அன்று ராத்திரியும் மறுநாளும் வயிறு மந்தமாக இருக்கிறதென்று சொல்லிச் சாப்பிடவில்லை. அவளுக்கு வயிறு மந்தமில்லை என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கஞ்சியைக் குடித்தேன்.

தை பிறந்ததும் அந்தப் பாம்படம் பாளையங்கோட்டையில் ஓர் அடகுக் கடைக்குப் போனது. உள்ளே அரக்கு, மேலேதான் தங்கத் தகடு என்பதால் ஊர் நினைத்த அளவு பணம் கிடைக்கவில்லை. ஒரு கறவை மாடும் பாதிக் கூரைக்கு ஓடும் வாங்கினோம். பாம்படத்தை மீட்கவே முடியவில்லை. வடித்த காது வெறுமனே தோளில் ஆட, இன்னும் பதினோரு வருஷம் இருந்து செத்தாள்.

வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது பீரோவைத் தூக்க முடியாது தம்பி. பிள்ளையைத் தூக்கலாம், வயசாளியைக் கைபிடிக்கலாம், அவ்வளவுதான். உடம்பில் கிடப்பது உடம்போடு வரும். அந்த அம்மாவின் கையில் நீங்கள் பார்த்தது, அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே பொருளாக இருந்திருக்கலாம். ஏரலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அதுதான் கடைத்தெரு. வெள்ளம் வந்தது மார்கழி பிறந்த கையோடு. பொங்கலை நம்பிக் கடனுக்குச் சரக்கெடுத்து அடுக்கும் காலம். ஆளுயரத் தண்ணீரில் ஊறிய ஜவுளியையும் மளிகையையும் யார் வாங்குவார்கள்? நேற்றுவரை அடுத்தவருக்குக் கொடுத்துப் பழகிய வீடுகள் அந்தத் தெருவில் எத்தனையோ. அப்படியொரு வீட்டுப் பெண் தெருவில் இறங்கி உங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நிற்க என்ன பாடு பட்டிருப்பாள்? அந்த அம்மா அப்படிப்பட்டவர்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அப்படி இல்லை என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

2023 டிசம்பர் 17-ம் தேதி ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் அங்கே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். சிலரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இரண்டு ராத்திரி நிலையத்திலும் ரயில் பெட்டியிலும் கிடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் ஊரைச் சுற்றியே தண்ணீர் நிற்கும்போது, வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பயணிகளில் முன்பதிவு செய்து வந்தவர்கள் உண்டு, கையில் வளையலும் கழுத்தில் சங்கிலியும் போட்டவர்கள் உண்டு, நல்ல போன் வைத்திருந்தவர்கள் உண்டு. புதுக்குடியில் யாரும் அதைப் பார்த்துச் சோற்றை மறிக்கவில்லை. நாமும் அவர்களை ஓசிச்சோறு தின்றவர்கள் என்று சொல்லவில்லை. தவித்துப் போனவர்கள் என்றுதான் சொன்னோம், சரியாகவே சொன்னோம். அந்தப் பெட்டியில் நாமும் இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றியது. ஏரல் தெருவில் நாமும் நின்றிருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

தோன்றாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீர், இடையில் சேர்ந்த காட்டாறுகள், உடைந்த குளங்கள் எல்லாம் கூடித்தான் ஆறு அப்படி வந்தது. திருநெல்வேலியில் சிந்துபூந்துறையும் கொக்கிரகுளமும் சந்திப்புப் பேருந்து நிலையமும் மிதந்தன. பாளையங்கோட்டை மேடு, உங்கள் வீடு தப்பியது. இது நீங்களோ நானோ சம்பாதித்த புண்ணியம் இல்லை.

ரொட்டி, துணி விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த ரோட்டோரத் துணிக் குவியல்களைப் பார்த்தேன். குனிந்து எடுத்தும் பார்த்தேன். ஜாக்கெட் இல்லாத சேலை, ஜிப் போன பேண்ட், ஒரு கல்யாணப் பட்டுச் சட்டை. சேறு நிறைந்த வீட்டில் துவைக்க நல்ல தண்ணீர் கிடையாது, காயப்போட இடம் கிடையாது, மடித்து வைக்க உலர்ந்த ஒரு மூலை கிடையாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது புது உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை, நனையாத தீப்பெட்டி, கொசுவர்த்தி, வாளி, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர். வண்டிகளெல்லாம் பெரிய ரோட்டிலேயே நின்றன. பத்து வண்டி ரொட்டி ஒரே முக்கில் இறங்கியது. இரண்டு மைல் உள்ளே இருந்த ஊருக்கு ஒரு பொட்டலமும் போகவில்லை. வேண்டாம் என்று அவர்கள் உண்மையைச் சொன்னது நல்லது. அதைக் காதில் வாங்கியிருந்தால் உங்கள் ரொட்டி உள்ளே இருந்த ஊருக்குப் போக வழி கிடைத்திருக்கும்.

டாஸ்மாக் பற்றி ஒரு வார்த்தை. குடித்தவர்கள் இருப்பார்கள், நம் தெருவில் சம்பள நாளில் இருப்பதுபோல. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6000, மற்ற இடங்களில் 1000 என்றுதான் அரசு கொடுத்தது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்கும் ஆன கூலியை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த ஆறாயிரம் ஒரு கேஸ் அடுப்பு, மூன்று பாய், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை, கிணற்றுச் சேறு எடுத்த கூலி என்று ஒரே நாளில் தீர்ந்தது. அட்டை வேறு ஊர் முகவரியில் இருந்த வாடகை வீட்டுக்காரர்கள், அதே கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்கள், அந்தப் பணம் வாங்க அலைந்த அலைச்சலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இனி உங்கள் மைத்துனர் சொன்னது. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா கரையேறியது. நியூ ஆர்லியன்ஸைக் காத்த கரைகள் உடைந்து நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. வெளியேறச் சொல்லிக் கட்டாய உத்தரவு வந்தது முந்தின நாள்தான். கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். கார் இல்லாதவர்களும் நோயாளிகளும் முதியவர்களும் நகரத்தில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு அவர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த ஊர் மக்கள் முதலில் அள்ளி அணைத்தார்கள், அதை உங்கள் மைத்துனரும் பார்த்திருப்பார். மாதங்கள் போகப் போக, இவர்களால்தான் குற்றம் பெருகுகிறது, இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்ற முணுமுணுப்பு வந்தது.

அந்தக் கார்டு கதை முழுப் பொய் இல்லை. டெக்சாஸில் மூன்று முகாம்களில் சுமார் 11,000 கார்டுகள் கொடுத்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பிறகு கணக்குப் பார்த்தபோது, சில கார்டுகளில் தகாத செலவுகள் இருந்தன. ஆனால் கார்டுப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக எடுக்கப்பட்டிருந்தது, சாப்பாடு, துணி போன்றவற்றுக்கும் செலவாகியிருந்தது. அந்த அலுவலகம் கண்ட பெரிய மோசடி வேறு இடத்தில் இருந்தது. பொய் அடையாள எண், இல்லாத முகவரி, சிறைக் கைதிகளின் பெயரில்கூட விண்ணப்பம். நூறு கோடி டாலர் அளவுக்குத் தவறான கைகளுக்குப் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கோடிகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. முகாமில் கட்டிலில் கிடந்தவள் வாங்கியதாகச் சொல்லும் கைப்பைதான் இருபது வருஷம் கழித்தும் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து சேர்கிறது.

இந்தக் கதைகள் ஆளைக் கொல்லும் என்பதற்கும் அந்தப் புயலிலேயே சாட்சி இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸிலேயே மக்கள் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் அரங்கில் கொலையும் வன்கொடுமையும் தாறுமாறாக நடப்பதாகச் செய்தி பரவியது. பெரும்பாலும் வதந்தி என்று பிறகு தெரிந்தது. அதற்குள், செப்டம்பர் 1-ம் தேதி, மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தின் வழியாக நடந்து வந்த மக்களை அக்கரையில் கிரெட்னா ஊர்க் காவலர்கள் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கே திரும்பிப் போனார்கள் அவர்கள். எனக்கு அந்தப் பாலத்தைப் படிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூட வராந்தாவும் ஆச்சியின் போணியும்தான் முன்னால் வரும்.

இரண்டு தடவை வாங்கியவன் ஏமாற்றியிருக்கலாம். நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாம். ஏமாற்றினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், போனது ஒரு ரொட்டிப் பாக்கெட். அவனைப் பிடிக்க நினைத்து நீங்கள் வார்த்தை விட்டது அந்த அம்மாவிடம். அவன் பைக்கில் போய்விட்டான், அவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தவறுதான் தம்பி. வண்டி கட்டிக்கொண்டு போனவர் நீங்கள், அந்த மனசு உங்களிடம் இல்லாவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அடுத்த முறை, பொருள் வாங்கும் முன் ஒரு ஆளை ஊருக்குள் அனுப்புங்கள். மகளிர் குழுப் பெண்களிடம் கேட்டால் எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும், யார் வரிசைக்கு வரக் கூசி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீடுகளுக்கு இருட்டிய பிறகு கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். ஃபெஞ்சலுக்குக் கொடுக்காமல் விட்டதை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு இன்றைக்கும் அனுப்பலாம்.

அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது அவர்களுக்கு இன்னொரு கூச்சம். பொங்கலுக்கு வீட்டுக்கு வேண்டிய துணியையும் சாமானையும் ஏரல் கடைத்தெருவில் போய் வாங்குங்கள், வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிப்போங்கள். அந்த வெள்ளத்தில் சரக்கை இழந்தவர்கள்தான் அங்கே கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.